எஞ்சின் கொஞ்சம் சேர்த்து இழுக்கட்டும்

அக்டோபர் 3, வெள்ளி

மிரு தூங்கிவிட்டாள். பூபதியும் தூங்கிவிட்டார். அல்லது தூங்குவதுபோல் படுத்திருக்கிறார். (புருஷனை நேரில் ‘மாமா’ என்றுதான் கூப்பிடுவேன். இங்கே மட்டும் பெயர் எழுதிக்கொள்கிறேன். எழுதும்போது கொஞ்சம் சிரிப்பு வருகிறது.) இன்று நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை.

காலையில் மிருவை டாக்டரிடம் காட்டக் கோத்தகிரிக்குக் கிளம்பினோம். எங்கள் தேயிலை எஸ்டேட் குவார்ட்டர்ஸ் பள்ளத்தில் இருக்கிறது. டவுன் மேலே. நடுவில் பதினொரு கொண்டை ஊசி வளைவுகள். மூன்றாவது வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டதால் பூபதி ஓரம் கட்டி நிறுத்தினார். பஸ் போன பிறகு கிளப்பினால் வண்டி ஏறவில்லை. எஞ்சின் முக்கியது, உறுமியது, பிறகு வண்டி மெல்லப் பின்னால் உருண்டது. பின்னால் ஒரு ஜீப். அதன் டிரைவர் இறங்கி ஓடிவந்து சக்கரத்துக்குக் கல் வைத்தார்.

“என்ன சார், இவ்ளோ பெரிய வண்டி, இந்த ஏத்தத்துக்கே மூச்சு வாங்குது?” என்று அவர் கேட்டது சாதாரணமாகத்தான். எனக்கு ‘மூச்சு’ என்ற சொல்லே ஆகாது.

ஜூன் மாதம் மிருவுக்கு இளைப்பு வந்த அன்று இதே சாலையில்தான் இலை ஏற்றிய லாரியின் பின்னால் ஊர்ந்துகொண்டிருந்தோம். அவளுக்கு அப்போது ஐந்து மாதம். விலா எலும்புக்கு நடுவே தோல் உள்ளே போய் உள்ளே போய் வந்தது. உதட்டின் நிறத்தைப் பற்றி எழுத மாட்டேன். ஆஸ்பத்திரியில் நெபுலைசர் வைத்து அரை மணியில் சரியாகி, சிரித்துக்கூட விட்டாள். நான்தான் இன்னும் அந்த லாரியின் பின்னாலேயே இருக்கிறேன்.

இன்று திரும்பி வரும்போது சொல்லிவிட்டேன். “தீபாவளிக்கு கோபி போனா, நானும் பாப்பாவும் அப்படியே அம்மா வீட்லயே இருந்துக்கறோம் மாமா. மழை முடியட்டும்.”

கோபியில் ஆஸ்பத்திரிக்குப் போக மலை ஏற வேண்டியதில்லை. அவர் “ம்” என்றார். மழை முடிந்தபின் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால், அவளுக்கு இரண்டு வயதாகும்வரை என்று சொல்லியிருப்பேன். அவருக்கு ஃபேக்டரியில் லீவு கிடைக்காது. வாரம் ஒரு நாள் வந்து போகிறவராக ஆகிவிடுவார். இரண்டு பேருக்கும் அது தெரியும்.

அக்டோபர் 4, சனி

மழை. இருபது லிட்டர் தண்ணீர் கேன் இன்னொன்றும் வண்டியில் வைத்தாயிற்று. மண் சரிந்து நடுவழியில் மாட்டிக்கொண்டால் ஒன்று போதாது.

அக்டோபர் 5, ஞாயிறு

பூபதி மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டே ஆரம்பித்தார்.

“சிந்து, வண்டிக்கு ஒரு ட்யூன் இருக்காம். எஞ்சினோட கம்ப்யூட்டர்ல சாஃப்ட்வேர மாத்தி விடறாங்க. இழுவ கூடுமாம்.”

“ரோட்டோரத்துல பசங்க பண்ணுவாங்களே, டமார் டமார்னு சத்தம் வர்ற மாதிரி, அதுவா?”

“அட, அது இல்ல. வண்டி செஞ்ச கம்பெனியே ஒத்துக்கிட்டது. அவங்க ஷோரூம்லதான் போடுவாங்க. வாரன்ட்டி போகாது.”

“வேகமாப் போறதுக்கா?”

“ஏத்தத்துல போறதுக்கு.”

அவர் வேகமாக ஓட்டுகிறவர் இல்லை. கல்யாணத்துக்கு முன் எங்கள் அப்பா இவரைப் பற்றி விசாரித்தபோது, “பையன் மாட்டு வண்டிக்கு வழிவிட்டு நிப்பான்” என்றுதான் பதில் வந்ததாம். இருந்தாலும் எனக்கு மனசு ஒப்பவில்லை. நன்றாக ஓடுகிற எஞ்சினின் மூளையைத் திறந்து கை வைப்பதா? இரண்டு வருட வண்டி. நாளைக்கு நடு வளைவில் அந்தக் கம்ப்யூட்டர் முரண்டு பிடித்தால்? அதிக சக்தி வந்தபின் ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கினால்?

“உனக்குப் புடிக்கலன்னா வேண்டாம்” என்றார். பிறகு ரசத்தைக் குடித்துவிட்டு, “ஆனா இதப் போட்டா வண்டி ஏறும். ஏறுச்சுன்னா நீ கோபில இருக்க வேண்டியதில்ல” என்றார். தட்டைப் பார்த்துத்தான் சொன்னார். தட்டில் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பால் வாங்கப் போய் வந்தோம். இருட்டிவிட்டது. ஹெட்லைட் வெளிச்சம் சாலையில் விழாமல் மரக்கிளைகளில் விழுகிறது. எதிரே வந்த இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போயின. வேகத்தடையில் பின்பக்கம் வேறு இடித்தது. வண்டி நிஜமாகவே தளர்ந்துதான் போயிருக்கிறது.

அக்டோபர் 6, திங்கள்

பழைய இன்வெர்ட்டர் பேட்டரியை வீட்டுக்குள் கொண்டுவந்து சார்ஜ் ஏற்றி மறுபடி வண்டியில் வைத்தாயிற்று. பூபதியும் ஃபேக்டரி டிரைவரும் சேர்ந்து தூக்கினார்கள். டிரைவர், “நெபுலைசர வண்டி பாயின்ட்லயே சொருகிக்கலாமேங்க மேடம்” என்றார். வண்டியின் பேட்டரியே செத்துப்போனால்? அதை யாரும் யோசிப்பதில்லை. பூபதி இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து, “அவங்க சொன்ன எடத்துலயே வைங்கண்ணா” என்றார்.

அக்டோபர் 7, செவ்வாய்

ஷோரூமுக்கு நானே போன் செய்தேன். பூர்ணிமா என்று ஒரு பெண் பேசினாள். பொறுமைசாலி. நான் கேட்டதையே மூன்று விதமாகக் கேட்டேன்; மூன்று தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் பதில் சொன்னாள்.

“எஞ்சினுக்கு ஆயுசு கொறையுமாங்க?”

“கம்பெனி டெஸ்ட் பண்ணி, அந்த எஞ்சின் தாங்கற அளவுக்குள்ளதான் மேடம் வெச்சிருக்காங்க. நாங்களா எதும் கூட்டறதில்ல.”

“பிடிக்கலன்னா பழையபடி மாத்த முடியுமா?”

“முடியும் மேடம். ஆனா இன்சூரன்ஸ்காரங்களுக்கு ஒரு வார்த்த சொல்லிடுங்க. அது முக்கியம்.”

இதை அவளாகவே சொன்னது பிடித்திருந்தது. விற்கிறவள் மறைத்திருக்கலாம்.

பிறகு அவள் கேட்டாள். “வண்டில பொதுவா எத்தன பேர் போவீங்க மேடம்?”

“நாங்க ரெண்டு பேர், ஒரு கைக்குழந்த.”

“லக்கேஜ்?”

“லக்கேஜ் ஒண்ணும் இல்லீங்க.”

“அப்ப வண்டி ஏறணுமே” என்றாள். குரலில் ஒரு யோசனை தெரிந்தது. கொண்டுவரச் சொல்லியிருக்கிறாள், பதினாறாம் தேதி வியாழக்கிழமை. வரும்போது வண்டியில் சொந்தச் சாமான் ஏதும் இருந்தால் எடுத்து வைத்துவிட்டு வர வேண்டுமாம், எல்லாருக்கும் சொல்வதுதானாம்.

அக்டோபர் 9, வியாழன்

அம்மா போன். மேல் ரூமுக்கு வெள்ளையடித்துவிட்டாள். கொசுவலை அடித்துவிட்டாள். தொட்டில் கட்டக் கொக்கியும் மாட்டியாயிற்று.

“ஏ அம்மணி, மாப்ள என்ன சொல்றாரு?”

“ஒண்ணும் சொல்லலம்மா.”

“சொல்லாத ஆம்பள எல்லாம் கோவமா இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல சாமி. உங்கப்பாவும் அப்படித்தான். எதுக்கும் ஒரு தடவ நல்லாக் கேட்டுக்க.”

கேட்கவில்லை. இன்று மிரு முதல்முறையாகக் கைதட்டினாள். ஃபேக்டரியிலிருந்து வந்தவரிடம் செய்து காட்டச் சொன்னால் மாட்டேன் என்றுவிட்டாள். அவர் தரையில் உட்கார்ந்து தானே தட்டிக்கொண்டிருந்தார், ரொம்ப நேரம். இரண்டு தோசைதான் சாப்பிட்டார்.

அக்டோபர் 12, ஞாயிறு

முடிவு செய்துவிட்டேன். போட்டுவிடலாம்.

உணர்ச்சியில் எடுத்த முடிவு இல்லை. நான் எம்.எஸ்ஸி. இயற்பியல், கல்யாணத்துக்கு முன் இரண்டு வருடம் பிளஸ் ஒன்னுக்குப் பாடம் எடுத்தவள். மிரு தூங்கியதும் உட்கார்ந்து யோசித்தேன். ஒரு பொருளைச் சரிவில் மேலே ஏற்ற வேண்டுமானால் மூன்றே விஷயம்தான்: சரிவு, எடை, விசை. சரிவை நாம் மாற்ற முடியாது. மலை அங்கேதான் இருக்கும். எடையும் மாறாதது, வண்டி வண்டிதான். ஆகவே விசையைத்தான் கூட்ட முடியும். ஷோரூம்காரர்கள் சொல்வது சரி.

பூபதியிடம் சொன்னேன். மூன்று விஷயத்தையும் விரல்விட்டுச் சொன்னேன். எடை என்றபோது அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு, “நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்றார்.

பயம் போகவில்லை. ஆனால் முடிவு எடுத்த பின் வரும் பயம் கொஞ்சம் தேவலை.

அக்டோபர் 14, செவ்வாய்

இன்று நிறைய எழுத வேண்டும். எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை.

வியாழக்கிழமைக்கு வண்டியைக் காலி செய்ய வேண்டுமே என்று, பூபதி ஃபேக்டரிக்குப் போனபின் மிருவைத் திண்டு வைத்து உட்காரவைத்துவிட்டு ஆரம்பித்தேன். முதலில் மேலே கேரியரில் இருந்த மெத்தையும் மடக்குத் தொட்டிலும். பிறகு டிக்கி. கேஸ் அடுப்பு, குக்கர், அரிசிப் பை. மண்வெட்டி. இரும்புச் சங்கிலி. இரண்டாவது ஸ்டெப்னி. கேன் இரண்டையும் இழுத்து இறக்கும்போது ஒன்று உருண்டு போய்ப் பூந்தொட்டியில் மோதியது. பேட்டரியை என்னால் அசைக்கவே முடியவில்லை.

பக்கத்து வீட்டு லீலா அக்கா வேலைக்குக் கிளம்பி வந்தவர் நின்றார். ஃபேக்டரி வாசலில் எடை மேடையைப் பார்த்துக்கொள்கிறவர் அவர்தான். லாரி இலையோடு ஒரு தடவை ஏறும், கொட்டிவிட்டு வெறும் வண்டியாக ஒரு தடவை ஏறும். கழித்தால் இலையின் எடை.

“என்ன பாப்பாம்மா, குடித்தனம் மாறுறீங்களா?”

“இல்லக்கா, வண்டிய ஷோரூமுக்குக் கொண்டு போறோம். அதான் காலி பண்றேன்.”

“இதெல்லாமா உள்ள இருந்துச்சு!” பையைக் கீழே வைத்துவிட்டு பேட்டரியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இறக்கினோம். மூச்சு வாங்கச் சிரித்தார். “அதானே பாத்தேன். அன்னிக்கு சார் மேடைல ஏத்தி நிறுத்துனப்ப நம்பரப் பாத்துட்டு எனக்குக் கண்ணே கட்டிருச்சு. ‘என்ன சார், யானைக்குட்டி ஏதும் ஒளிச்சு வெச்சிருக்கீங்களா’ன்னேன்.”

“யாரு? எப்ப?”

“உங்க வீட்டு சார்தான். போன மாசம். ஒரு நாள் சாயங்காலம் லாரியெல்லாம் போனப்பறம் இந்த வண்டியக் கொண்டாந்து…” என்றவர் நிறுத்திக்கொண்டார். “அய்யய்யோ. யார்கிட்டயும் சொல்லாதீங்கக்கான்னு சொன்னாரு. நான் ஒருத்தி.”

அவர் போனபின் நான் வாசல்படியில் உட்கார்ந்துவிட்டேன். இறக்கிவைத்த சாமான்கள் வாசலை அடைத்துக்கொண்டு கிடந்தன. வண்டியைப் பார்த்தேன். பின்பக்கம் எழும்பி நிற்கிறது. ஹெட்லைட் நேராகச் சாலையைப் பார்க்கிறது. ஜூலையிலிருந்து ஒவ்வொன்றாக நான் ஏற்ற ஏற்ற அது உட்கார்ந்துகொண்டே வந்திருக்கிறது. தினமும் பார்த்தும் நான் பார்க்கவில்லை. எடை மாறாதது என்று விரல்விட்டுச் சொன்னவள் நான்.

வெட்கத்தைவிடக் கோபம்தான் முதலில் வந்தது. தெரிந்திருக்கிறது. ஒரு மாதமாகத் தெரிந்திருக்கிறது. மூன்றாவது வளைவில் பிள்ளையோடு பின்னால் உருண்டபோதும் தெரிந்திருக்கிறது. என்னை உட்காரவைத்து ட்யூன், வாரன்ட்டி, சாஃப்ட்வேர் என்று கதை சொல்லியிருக்கிறார். சாயங்காலம் வரட்டும் என்று வார்த்தைகளை அடுக்கிவைத்துக்கொண்டேன். கோபத்தில் மிச்ச சாமானையும் வேகவேகமாக எடுத்தேன். டிரைவர் சீட்டுக்கு அடியில் கைவிட்டுத் துழாவினால் ஒரு அட்டைப்பெட்டி தட்டுப்பட்டது.

நெபுலைசர். புதிது. பிரிக்கவே இல்லை.

என்னுடையது என் பையில், எப்போதும்போல என் பையில்தான் இருந்தது. எடுத்துவந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே கம்பெனி, அதே நிறம். குழந்தை மாஸ்க் தனியாக இரண்டு வாங்கி, உள்ளே போகாததால் மேலே ரப்பர் பேண்டு போட்டு வைத்திருக்கிறார்.

அடுக்கிவைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. மிரு திண்டிலிருந்து சாய்ந்து அழ ஆரம்பித்தாள். தூக்கிக்கொண்டேன்.

ஐந்தரைக்கு வந்தார். வாசலைப் பார்த்ததும் நின்றுவிட்டார். நான் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன்.

“லீலாக்கா சொல்லிட்டாங்களா?”

“நீங்க ஏன் சொல்லல?”

செருப்பைக் கழற்றாமல் படியில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “எப்படிச் சொல்றது? அந்த பேட்டரிய வண்டில வெச்ச அன்னிக்குத்தான் நீ ராத்திரி முழுக்கத் தூங்குன. ஜூன்ல இருந்து அன்னிக்குத்தான். அத எறக்குன்னு நான் எந்த வாயால சொல்றது?”

“அதுக்காக? உருண்டமே மாமா. பிள்ள உள்ள இருந்தா.”

“பயந்துட்டேன். மறுநாளே ஷோரூம்ல போய்க் கேட்டேன்.” மைக்கறையும் தேயிலை வாசனையுமாக இருந்தது அவர் கை. “நீ எத வேணா வெச்சுக்க, எஞ்சின் கொஞ்சம் சேத்து இழுக்கட்டும்னு நெனச்சேன். உன்ன விட அதுகிட்டக் கேக்கறது ஈசியா இருந்துச்சு.”

எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும். “இது?” என்று பெட்டியைக் காட்டினேன்.

“அது… உன்னோடது ரிப்பேர் ஆயிட்டா?”

“என்கிட்டச் சொல்லிருக்கலாமில்ல?”

“சொன்னா, இன்னொண்ணு ரிப்பேர் ஆயிருமோன்னு நீ பயப்படுவ.”

உண்மைதான். மூன்றாவது வாங்கியிருப்பேன்.

மிரு அவர் சட்டைப் பாக்கெட்டில் இருந்த பேனாவைப் பிடுங்கினாள். பிறகு அவர் வாசலில் கிடந்த குக்கரைக் காலால் தள்ளிப் பார்த்துவிட்டு, “இதுல சாதம் வெச்சுக்கூடச் சாப்பிட்டிருப்பமா சிந்து, நடு ரோட்ல?” என்றார்.

“பருப்பு இல்லாம எப்படி? பருப்பு மறந்துட்டேன்.”

அவர் சிரித்த சத்தத்துக்கு லீலா அக்கா வீட்டு நாய் குரைத்தது.

கோபம் முழுக்கப் போய்விட்டது என்று எழுதினால் பொய். இன்னொரு தடவை இப்படி மறைக்கக்கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டேன். சரி என்றார். நாளைக்கு மிருவுக்கு ஒன்பது மாதத் தடுப்பூசி. மேலே போக வேண்டும். இப்போது வண்டியில் என் பை மட்டும் இருக்கிறது. அதில் டயப்பர், மருந்து, நெபுலைசர், ஒரு பாட்டில் தண்ணீர்.

நானே ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. மிரு பிறந்த பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை.

அக்டோபர் 15, புதன்

போய் வந்தோம்.

பூபதி பின் சீட்டில் மிருவோடு உட்கார்ந்தார். முதல் வளைவு வரை என் கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது. இரண்டாவதில் பழக்கம் வந்தது. மூன்றாவதில், அந்த ஜீப்காரர் வைத்த கல் இன்னும் ஓரத்தில் கிடந்தது. வண்டி அதைத் தாண்டிப் போனதே தெரியவில்லை. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன் என்பது நாலாவது வளைவில்தான் தெரிந்தது.

ஏழாவது வளைவில் காட்டெருமை.

நல்ல பெரியது. சாலையின் குறுக்கே நின்று தலையைத் திருப்பி எங்களைப் பார்த்தது. செங்குத்தான ஏற்றம், வளைவின் நடு. நிறுத்தினேன். ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். அது போகிறதாக இல்லை. வேலியோரப் புல்லைக் கொஞ்சம் கடித்தது, மென்றது, மறுபடி பார்த்தது. பின்னால் இரண்டு வண்டிகள் வந்து நின்றன.

“கட்டைய எடுத்துட்டு எறங்கட்டுமா?” என்று பூபதி மெதுவாகக் கேட்டார். சக்கரத்துக்கு வைக்கிற மரக்கட்டையை மட்டும் அவர் காலடியில் வைத்திருந்தார். அது எனக்கும் தெரிந்துதான்.

“வேண்டாம். அது போகட்டும்.”

“எருமையா, பின்னாடி வண்டியா?”

“சிரிக்க வைக்காதீங்க. கால் நடுங்குது.”

மிரு அதைப் பார்த்து ‘பாஆ’ என்றாள். பிறகு, நேற்றுவரை யார் கேட்டும் காட்டாதவள், கைதட்டினாள். எருமை என்ன நினைத்ததோ, புதருக்குள் இறங்கிப் போனது.

இப்போது நான் கிளப்ப வேண்டும். கண்ணாடியில் பின்னால் நிற்கிற வண்டி ரொம்பக் கிட்டத்தில் தெரிந்தது. கிளட்ச்சை மெதுவாக விட்டேன். அது பிடிக்கிற இடம் காலுக்கு ஞாபகம் இருந்தது. ஹேண்ட் பிரேக்கை இறக்கினேன். பின்னால் உருளப்போகிறது என்று உடம்பெல்லாம் காத்திருந்தது. உருளவில்லை. முன்னால் போனது. அவ்வளவுதான். சும்மா முன்னால் போனது, புது வண்டி வாங்கிய வாரத்தில் போனதுபோல.

கண்ணாடியில் பார்த்தேன், பூபதி மிருவின் தலையில் மோவாயை வைத்துக்கொண்டு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். கேட்கவில்லை.

ஊசிக்கு மிரு அழுதாள். நான் அழவில்லை.

அக்டோபர் 16, வியாழன்

பூர்ணிமாவுக்குப் போன் செய்தேன்.

“சாரிங்க, இன்னிக்கு வண்டி கொண்டு வரல. ட்யூன் இப்ப வேண்டாம்.”

“பரவால்ல மேடம். எதும் சந்தேகமா? எங்க சர்வீஸ் மேனேஜர் பேசுவாரு.”

“இல்லீங்க. நீங்க சொன்னதெல்லாம் சரிதான். வண்டி இப்ப நல்லா இழுக்குது.”

“எப்படி மேடம்? போன வாரம் ஏறலன்னீங்களே?”

“டிக்கில சாமான் இருந்துச்சு.”

“லக்கேஜ் இல்லன்னு சொன்னீங்களே மேடம்.”

“அதெல்லாம் லக்கேஜ்னு எனக்குத் தெரியலீங்க.”

அந்தப் பெண் சிரித்தாள், கேலியாக இல்லை. “எங்க வீட்லயும் ஒரு வயசுப் பாப்பா இருக்கு மேடம். வேற எப்ப தேவப்பட்டாலும் கூப்பிடுங்க” என்றாள்.

பேட்டரியைப் பழைய இடத்தில், வீட்டு இன்வெர்ட்டருக்குப் பக்கத்தில் வைத்தாயிற்று. ஸ்டெப்னியை ஃபேக்டரி ஷெட்டில் போட்டிருக்கிறார். தண்ணீர் கேன் இரண்டையும் லீலா அக்கா வாங்கிக்கொண்டார். யானைக்குட்டி எப்படி இருக்கிறது என்று தினமும் கேட்கிறார்.

அக்டோபர் 17, வெள்ளி

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். தீபாவளி முடிந்து செவ்வாய்க்கிழமை மூன்று பேரும் திரும்பிவிடுவோம் என்று. “வெள்ளையடிச்ச ரூம் வீணாப் போகாது. லீவுக்கு வந்து படுங்க” என்றாள். கொக்கி இருக்கட்டுமாம்.

பூபதி இந்தப் பக்கம் மிருவுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ‘மூன்று பேரும்’ என்று நான் சொன்னபோது ஸ்பூன் நடுவழியில் நின்றது. மிரு எட்டிப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 19, ஞாயிறு. கோபி

வந்து சேர்ந்தாயிற்று. மிரு எல்லார் மடியிலும் உட்கார்ந்துவிட்டுத் தூங்கிவிட்டாள். சின்னதாகச் சளி இருக்கிறது. மூச்சு சீராக இருக்கிறது. ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் பார்க்கிறேன்.

காலையில் கிளம்பும்போது நடந்ததை எழுதிவிட்டுப் படுக்கிறேன். துணிப்பை ஒன்று, என் பை ஒன்று, சக்கரத்துக்கட்டை. அவ்வளவுதான் ஏற்றினோம். இரண்டு நெபுலைசரில் ஒன்று போதும், புதியது வீட்டில் சமையலறை அலமாரியில் இருக்கட்டும் என்று முந்தின நாளே பேசி முடிவு செய்தது. நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்துவிட்டேன். கோத்தகிரிக்கு ஏறித்தான் அந்தப் பக்கமாகக் கோபிக்கு இறங்க வேண்டும்; மலை முடியும்வரை நான், சமவெளியில் அவர் என்று ஏற்பாடு. மிருவை சீட்டில் வைத்து பெல்ட்டைப் போட்டவர், “ஒரு நிமிஷம் சிந்து, கேஸ மூடுனமான்னு பாத்துட்டு வரேன்” என்று உள்ளே ஓடினார்.

கேஸை நான்தான் மூடினேன். அவர் பார்க்கப் பார்க்கத்தான் மூடினேன்.

திரும்பி வந்தவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். உள்ளே போகும்போது போடவில்லை. வயிற்றுப் பக்கம் சதுரமாகப் புடைத்துக்கொண்டிருந்தது. ஒரு கையால் அதை அணைத்துப் பிடித்துக்கொண்டு, அதை நான் பார்க்காதபடி பக்கவாட்டில் நடந்து வந்தார். பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். என் தலைக்குப் பின்னால் ஏதோ சரசரவென்று சத்தம் கேட்டது. பிறகு இருமினார்.

“மூடியிருந்துச்சா?” என்று கேட்டேன்.

“ம். மூடித்தான் இருந்துச்சு.”

இனி மறைக்கக்கூடாது என்று கறாராகச் சொன்னது ஐந்து நாள்கூட ஆகவில்லை. வாய்வரை வந்தது. கண்ணாடியில் பார்த்தேன். மிருவின் நெஞ்சு ஏறி இறங்குவதை அவர் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பார்ப்பேனே, அதேபோல.

கண்ணாடியைச் சரிசெய்கிறவள்போல் மேலே திருப்பிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். பதினொரு வளைவும் ஏறினோம். அந்தப் பெட்டியின் எடை வண்டிக்குத் தெரியவே இல்லை.